தடி பலகையாகும் இடம்

மரம் வட்டமாக வளர்கிறது. நிலைக்கும் மேசைக்கும் வேண்டியிருப்பது சதுரம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது மர அறுவை மில். பட்டையோடு லாரியில் வந்து இறங்கும் தடி, சட்டமாகவும் பலகையாகவும் ரீப்பராகவும் இங்கிருந்து வெளியே போகிறது. அதற்குள் மரம் இருமுறை குறைந்துவிடுகிறது. முதலில் ரம்பம் தின்கிறது. பிறகு உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி மரம் சுருங்குகிறது. இந்த இரண்டு குறைவையும் அறுப்பதற்கு முன்பே கணக்கில் வைப்பதுதான் மில் தொழில். மில்காரரின் லாபமும், வாங்கியவர் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் இறுகாமல் மூடுவதும் அந்தக் கணக்கைப் பொறுத்தவை.

மரம் வரும் வழி

தமிழ்நாட்டு மில்களுக்கு மரம் மூன்று வழியில் வருகிறது. பட்டா நிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வெட்டப்படும் வேம்பு, வாகை, பூவரசு, மா, பலா போன்ற நாட்டு மரங்கள் முதல் வகை. வனத்துறை ஏலத்தில் எடுக்கப்படும் தேக்கு, வேங்கை, மருது போன்றவை இரண்டாம் வகை. கப்பலில் வந்து தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் இறங்கும் வெளிநாட்டுத் தடிகள் மூன்றாம் வகை. கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை வட்டாரத்தில் மலைப்பாதையும் ரயில் பாதையும் மர வியாபாரத்துக்குத் துணை நின்றதால் மில்கள் நீண்டகாலமாகவே உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் தனி வரத்து. பால் குறைந்துபோன மரங்களை 25, 30 வயதில் வெட்டி மறுநடவு செய்வதால் அங்கே தடி தொடர்ந்து கிடைக்கிறது.

சாலைகள் இல்லாத காலத்தில் ஆறுதான் பாதை. நிலம்பூர்க் காடுகளில் வெட்டப்பட்ட தடிகள் சாலியாற்றில் மிதந்து கோழிக்கோட்டுக் கல்லாய்க்குப் போய்ச் சேர்ந்தன. மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் நிலம்பூரில் போட்ட தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாகச் சொல்லப்படுகிறது. பர்மாவிலிருந்து (இன்றைய மியான்மர்) வந்த தேக்கு செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாகவும் கதவுகளாகவும் இன்றும் நிற்கிறது. தடியாக மரம் ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு கானா, ஈக்வடார், கோஸ்டாரிகா, பனாமா போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கு இந்தியச் சந்தையில் கூடுதலாக இடம்பிடித்தது. பெட்டி அடிக்கவும் கட்டட வேலைக்கும் நியூசிலாந்துப் பைன் வருகிறது. அதன் பெரிய இறங்குதுறை குஜராத்தின் காண்ட்லா.

காட்டு மரமாக இருந்தால் தடியின் முனையில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை இருக்க வேண்டும். லாரியில் போக்குவரத்து அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். மில்லுக்குள் வந்த மரமும் வெளியே போன மரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். வனத்துறையினர் சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பது இந்தப் பதிவேட்டைத்தான்.

அளவு என்னும் சூட்சுமம்

மரவாடியில் தடி அடுக்கப்பட்டதும் நாடா எடுத்து அளக்கிறார்கள். தடியின் நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது பழைய வழக்கம். ஆங்கிலேயர் காலத்தில் வந்த இந்த முறைக்கு ஹாப்பஸ் அளவு என்று பெயர்.

10 அடி நீளமும் நடுவில் 60 அங்குலச் சுற்றளவும் உள்ள ஒரு தடியை எடுத்துக்கொள்ளலாம். 60-ஐ நான்கால் வகுத்தால் 15. 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225 சதுர அங்குலம். இதை 144-ஆல் வகுத்து 10 அடியால் பெருக்கினால் 15.6 கன அடி. அதே தடியை உருளையாகக் கருதி உண்மையான கன அளவைக் கணக்கிட்டால் 19.9 கன அடி வரும். ஹாப்பஸ் முறை உள்ளதில் ஏறத்தாழ 78.5 சதவீதத்தை மட்டுமே காட்டுகிறது. பட்டையும் புறப்பகுதியும் அறுப்பில் கழிந்துபோகும் என்பதால், அந்தக் கழிவுக்கு அளவிலேயே இடம் விட்டுவிடுகிறது இந்தக் கணக்கு. தடியை எந்த முறையில் அளந்தார்கள் என்று தெரியாமல் இரண்டு இடத்து விலையை ஒப்பிட முடியாது.

அறுத்த மரத்துக்குக் கணக்கு எளிது. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில்; மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 7 அடி உயரத்தில் இரண்டு கால்களும் 4 அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களும் கொண்ட வாசல் நிலைக்கு 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம் மொத்தம் 22 அடி வேண்டும். அது 2.3 கன அடி.

தடி காத்திருக்கும்போது

மரத்தின் ஈரம் பக்கவாட்டில் கசிவதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால் முனை முதலில் காய்ந்து சுருங்கி, நட்சத்திரம் போல வெடிக்கிறது. அந்த வெடிப்பு ஓர் அடி உள்ளே ஓடினால் ஓர் அடிப் பலகை வீண். இதைத் தடுக்க முனையில் மெழுகோ பெயின்டோ பூசுகிறார்கள். விலையுயர்ந்த தடியானால் எஸ் வடிவ இரும்புப் பட்டையை முனையில் அடித்து இறக்குகிறார்கள். சில இடங்களில் தடிகளை நீர்த்தெளிப்பில் ஈரமாகவே வைத்திருப்பதும் உண்டு.

தேக்கு, வேங்கை போன்ற மரங்கள் மரவாடியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் நடுவிலுள்ள கெட்டிப் பகுதியான வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. ரப்பரும் பைனும் அப்படியல்ல. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். அதனால் ரப்பர் மரத்தை அறுக்கும் மில்லில் தடியைத் தேக்கிவைப்பதில்லை; வந்த வேகத்தில் அறுத்து மருந்தேற்றுகிறார்கள்.

ரம்பத்துக்கு முன் கண்

அறுப்பதற்கு முன் மிஸ்திரி தடியின் இரண்டு முனைகளையும் பார்க்கிறார். நடுவில் கருத்த பகுதி வைரம். அதைச் சுற்றியுள்ள வெளிறிய வளையம் வெள்ளை. உயிரோடு இருந்தபோது நீரைக் கடத்தியது வெள்ளை. மாவுச்சத்து நிறைந்திருப்பதால் பூச்சி முதலில் நுழைவதும் அங்கேதான். வைரத்தில் உயிரணுக்கள் இறந்து எண்ணெயும் பிசினும் படிந்திருக்கும். தேக்கைக் கறையான் தொடத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். ஒரே சுற்றளவுள்ள இரண்டு தடிகளில் வைரம் அதிகமுள்ளது எதுவோ அதற்கே மதிப்பு அதிகம்.

கணு எந்தப் பக்கம் இருக்கிறது, நார் நேராக ஓடுகிறதா முறுக்கிக்கொண்டு ஓடுகிறதா, நடு மையம் உளுத்துப் பொந்து விழுந்திருக்கிறதா, வளைவு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அடுத்துப் பார்க்க வேண்டியவை. நாட்டு மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சாலையோர மரத்தில் விளம்பரத் தட்டி மாட்ட அடித்த ஆணியும், வேலிக்காகக் கட்டிய கம்பியும் காலப்போக்கில் மரத்துக்குள் மூடிப்போயிருக்கும். வெளியே இரும்பு தெரியாது. அறுக்கும்போது ரம்பப் பல் அதில் மோதினால் ஒரே நொடியில் பற்கள் சிதறும். இரும்பு பட்ட இடத்தில் மரம் கருநீலமாகக் கறைபடும். அந்தக் கறையை முனையிலோ பட்டையிலோ கண்டால் அனுபவசாலிகள் ஆணியைத் தோண்டி எடுத்துவிட்டே மேற்கொண்டு அறுப்பார்கள்.

வாளிலிருந்து பட்டை ரம்பம் வரை

மின்சாரம் வருவதற்கு முன் அறுப்பு இருவர் வேலை. தடியைக் குழிமேல் கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நீண்ட வாளை ஏற்றி இறக்குவார்கள். கீழே நிற்பவர் முகமெல்லாம் மரத்தூள். தண்ணீர் விசையால் ரம்பத்தை ஓட்டும் எண்ணம் மிகப் பழையது. துருக்கியின் ஹியராபோலிஸில் கிடைத்த 3-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பம் ஒன்று, நீர்ச்சக்கரத்தால் ஓடும் ரம்பத்தைக் காட்டுகிறது.

இன்று பெரும்பாலான மில்களில் ஓடுவது பட்டை ரம்பம்; மில்காரர்கள் பேண்ட்சா என்பார்கள். முடிவில்லாத வளையமாக இணைத்த எஃகுப் பட்டை, மேலும் கீழுமாக உள்ள இரண்டு பெரிய சக்கரங்களின்மேல் சுற்றிவருகிறது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஓயாமல் வளைந்து நிமிரும் பட்டையை அறுந்துபோகாமல் இணைக்கும் வழி அன்று யாருக்கும் பிடிபடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்ஸில் பட்டையைப் பற்றவைக்கும் முறை மேம்பட்ட பிறகே இந்த இயந்திரம் பயனுக்கு வந்தது.

வட்ட ரம்பத்தை இது வென்றதற்குக் காரணம், வெட்டுத்தடத்தின் அகலம். பெரிய வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பட்டை ரம்பம் 3 மில்லிமீட்டருக்குள் முடித்துக்கொள்ளும். ஒரு தடியில் பத்து வெட்டுப் போட்டால் வித்தியாசம் 30 மில்லிமீட்டர். அது ஓர் அங்குலப் பலகையைவிட அதிகம். தேக்கு விற்கும் விலையில் அந்த ஒரு பலகை சிறிய தொகை அல்ல.

பட்டையின் பற்கள் நேராக நின்றால் பட்டையின் உடம்பு மரத்தில் உரசிச் சூடேறும். அதனால் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சற்றே சாய்க்கிறார்கள், அல்லது பல் நுனியை நசுக்கி அகலமாக்குகிறார்கள். இந்த வேலைக்கென்றே பெரிய மில்களில் சா டாக்டர் இருப்பார். மழுங்கிய பட்டையை இறக்கி, சாணைக்கல்லில் ஒவ்வொரு பல்லையும் தீட்டி, பற்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பட்டையின் நடுப்பகுதியை உருளைகளுக்கிடையே அழுத்தி லேசாக நீட்டுவார். நடு சற்றுத் தளர்ந்தால் இரண்டு விளிம்புகளும் விறைப்பாக நிற்கும், வெட்டு கோணாது. தேக்கில் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். அதனால் ஒரே நாளில் பட்டையைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். கடினமான மரங்களுக்குப் பல் நுனியில் ஸ்டெல்லைட் என்னும் உறுதியான உலோகக் கலவையை வைத்துக்கொள்வதும் உண்டு.

அறுப்பு

தண்டவாளத்தில் ஓடும் டிராலியில் தடியை உருட்டி ஏற்றி, கொக்கிகளால் இறுக்குகிறார்கள். முதல் வெட்டில் மரப்பட்டையோடு ஒரு புறப்பலகை கழன்று விழுகிறது. இப்போதுதான் மரத்தின் உள்முகம் தெரிகிறது. மிஸ்திரி டிராலியை நிறுத்தி அந்த முகத்தைப் பார்க்கிறார். கணு குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்தே பலகை எடுக்கலாம். கணு தெரிந்தால் தடியைப் புரட்டி அடுத்த முகத்தைத் திறக்க வேண்டும். அவர் விரல் காட்டும் சைகைக்கேற்ப எதிரில் இருப்பவர் தடியை ரம்பத்தை நோக்கி அங்குலக் கணக்கில் நகர்த்துகிறார். இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான்.

தடியை ஒரே திசையில் அடுக்கடுக்காக அறுத்துக்கொண்டே போவது எளிய முறை. வேகம் அதிகம், கழிவு குறைவு. அகலமான பலகை கிடைக்கும். முகத்தில் வளைவு வளைவான ரேகைகள் அழகாக விழும். ஆனால் இப்படி அறுத்த பலகை காயும்போது கிண்ணம் போல வளையக்கூடும். தடியை நான்கு கூறாக்கி, மையத்திலிருந்து வெளிநோக்கி அறுப்பது இன்னொரு முறை. ரேகைகள் நேர்கோடாக விழும், பலகை நெளியாது. ஆனால் மரம் அதிகம் கழியும், நேரமும் ஆகும். மூன்றாவது முறையில் தடியைப் புரட்டிப் புரட்டி, சுற்றிலும் நல்ல பலகைகளை எடுத்துவிட்டு, நடு மையத்தைக் கனமான சட்டமாக விட்டுவிடுகிறார்கள். நடு மையம் வெடிக்கும் இயல்புடையது என்பதால் அதை மெல்லிய பலகையில் சேர்ப்பதில்லை.

இப்படி எடுத்த கனமான துண்டுகள் சிறிய பேண்ட்சாவுக்குப் போகின்றன. அங்கே நிலைச்சட்டம், கதவுச் சட்டம், பலகை, ரீப்பர் எனக் கேட்ட அளவுக்கு இறங்குகின்றன. ஈரமான மரத்தைக் கேட்ட அளவுக்கே துல்லியமாக அறுத்தால் காய்ந்தபின் அளவு போதாது. சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் சேர்த்து ஒவ்வொரு சட்டத்திலும் சில மில்லிமீட்டர் கூட்டியே அறுக்கிறார்கள்.

தடியில் இருந்த மரத்தில் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் பலகையாகவும் சட்டமாகவும் தேறும். நேரான, பருத்த தடியில் இந்த விகிதம் உயரும். வளைந்த, மெலிந்த தடியில் இறங்கும்.

ஈரத்தின் கணக்கு

மரத்தின் ஈரப்பதத்தை அதன் உலர்ந்த எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். 1.8 கிலோ எடையுள்ள பச்சைத் துண்டு முற்றிலும் காய்ந்தபின் 1 கிலோவாக நின்றால் அதன் ஈரப்பதம் 80 சதவீதம். முதலில் வெளியேறுவது உயிரணுக்களின் உள்வெளியில் நிற்கும் நீர். அது போகும்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் 25 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே வரும்போது, உயிரணுச் சுவர்களுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அப்போதுதான்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. நீளவாக்கில் மிகச் சொற்பம். பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. பலகைகள் வளைவதற்கும் வெடிப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம். பல மரங்களோடு ஒப்பிட்டால் தேக்கின் சுருக்கம் குறைவு. கதவுக்கும் ஜன்னலுக்கும் அதை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றில் உலர்த்துவதானால், பலகைகளைத் தரைக்கு மேல் உயர்த்தி அடுக்கி, வரிசைக்கு வரிசை ஒரே கனமுள்ள குறுக்கு ரீப்பர்களை வைக்கிறார்கள். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேராகவே இருக்க வேண்டும். விலகினால் அடுக்கின் பாரத்தில் பலகை நெளிந்துவிடும். மேலே கூரை அவசியம். வெயில் நேராகப் படக்கூடாது. ஓர் அங்குலப் பலகை காய மாதங்கள் ஆகும். கனமான சட்டத்துக்கு அதைவிட வெகுகாலம் வேண்டும்.

அவசரத்துக்குச் சூளை. மூடிய அறையில் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் மூன்றையும் கட்டுப்படுத்தி, மரத்தின் வகைக்கும் கனத்துக்கும் ஏற்பச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ காயவைக்கிறார்கள். தொடக்கத்திலேயே சூட்டைக் கூட்டினால் மேல்பரப்பு காய்ந்து இறுகிவிடும். பின்னால் காயும் உள்பகுதி சுருங்க இடமின்றி உள்ளுக்குள்ளேயே பிளக்கும். வெளியே பார்த்தால் நல்ல பலகை, இழைத்தால் தேன்கூடு. அதனால் ஆரம்பத்தில் சூளையில் நீராவி விட்டு ஈரமாக வைத்து, படிப்படியாக உலர்த்துகிறார்கள்.

எவ்வளவு உலர வேண்டும் என்பது மரம் போய்ச் சேரும் ஊரைப் பொறுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 287 தரம், காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, கதவு, தரை, அறைகலன் எனப் பயனுக்கேற்ற வரம்பைத் தருகிறது. கடற்கரை ஊருக்குப் போகும் கதவை மிக அதிகமாக உலர்த்தினால், அது கடற்காற்றில் ஈரம் உறிஞ்சி உப்பிக்கொள்ளும்.

மருந்தும் வெப்பமும்

ரப்பர், மா போன்ற வெள்ளை மிகுந்த மரங்களை மருந்தேற்றாமல் விட்டால் உளுத்துப்போகும். பலகைகளை உருளைத் தொட்டிக்குள் அடைத்து, வெற்றிடம் உண்டாக்கி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு உட்செலுத்துகிறார்கள். இதன் பிறகே ரப்பர் மரம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் தகுதி பெறுகிறது. இந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பதால் அந்த மரத்தை மழை படும் இடத்தில் பயன்படுத்துவதில்லை.

ஏற்றுமதிச் சரக்கு அடுக்கும் மரப்பெட்டிக்கும் பலகைத் தட்டுக்கும் சர்வதேச விதி உண்டு. மரத்துக்குள் பூச்சி ஒளிந்து நாடு தாண்டாமல் இருக்க, மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கி முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைச் சரக்கு போய்ச் சேரும் துறைமுகம் திருப்பி அனுப்பலாம்.

தூளும் விறகும்

பலகையாகாத பகுதியும் வீண்போவதில்லை. புறப்பலகைகள் செங்கல் சூளைக்கும் டீக்கடை அடுப்புக்கும் விறகாகின்றன; சற்று நீளமானவை பந்தலுக்கும் பெட்டிக்கும் போகின்றன. ஐஸ் பார்கள் உருகாமலிருக்க மரத்தூளில் புதைத்து வைப்பார்கள். கோழிப்பண்ணையில் தரைக்கு விரிப்பார்கள். நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தித் தூளை இறுக்கி, கட்டையை உருவி எடுத்துப் பற்றவைக்கும் மரத்தூள் அடுப்பு, எரிவாயு பரவுவதற்கு முன் பல வீடுகளில் எரிந்தது. இப்போது தூளை அழுத்தி எரிகட்டிகளாக்கித் தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு அனுப்புகிறார்கள்.

அதே தூள் தொழிலாளிக்குப் பகை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. தூளை உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இதனால் அவசியமாகின்றன. இரைச்சலுக்குக் காதடைப்பான் வேண்டும். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு மறைப்பு இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். மறைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் சிறிய மில்களில்தான் விரல்கள் போகின்றன.

உரிமமும் காடும்

நினைத்த இடத்தில் மில் வைத்துவிட முடியாது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதையும் மர அறுவை மில்களையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. அனுமதியின்றிப் புதிய மில்கள் திறக்க 2002-ல் தடை வந்தது. மரம் சார்ந்த தொழில்களுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2016-ல் வெளியிட்டது. அவற்றின்படி, கிடைக்கக்கூடிய மரத்தின் அளவைக் கணித்து உரிமம் வழங்கும் பொறுப்பு மாநில அளவிலான குழுவிடம் உள்ளது. காட்டு மரம் குறையக் குறைய, மில்களின் தீனி தோட்ட மரத்துக்கும் பட்டா நில மரத்துக்கும் இறக்குமதித் தடிக்கும் மாறிவிட்டது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

மில்லில் மரம் எடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, விலை தடி அளவுக்கா அறுத்த அளவுக்கா என்பது. தடியாக வாங்கி அறுத்தால் கழிவு வாங்குபவர் கணக்கில் சேரும். அறுத்த சட்டமாக வாங்கினால் மில் கணக்கில் சேரும். அடுத்து, சட்டத்தின் நான்கு முனைகளிலும் வெள்ளை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊசிமுனைத் துளைகளும் அவற்றின் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் முறுக்கும் வளைவும் தெரிந்துவிடும். ஈரமானி வைத்திருக்கும் மில்லில் அதன் ஊசிகளைச் சட்டத்தின் நடுவில் பதித்துக் காட்டச் சொல்லலாம். முனை எப்போதும் உள்பகுதியைவிடக் காய்ந்தே இருக்கும் என்பதால் அங்கே எடுக்கும் அளவை நம்பக்கூடாது. மரம் இன்னும் பச்சையாக இருந்தால், வீட்டு வேலை தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே எடுத்து, நிழலில் ரீப்பர் வைத்து அடுக்கி உலரவிட்டு, அதன்பிறகு ஆசாரியிடம் கொடுப்பது நல்லது.